பழைய ஃபிளாட்டில் பாத்ரூமும் பெட்ரூமும்: சுத்தியலை எடுக்கும் முன் படியுங்கள்

சென்னையில் கே.கே. நகர், அண்ணா நகர், நங்கநல்லூர், மேற்கு மாம்பலம் என்று எங்கே போனாலும் முப்பது, நாற்பது வயதான மூன்று மாடி ஃபிளாட்டுகள் இருக்கின்றன. லிஃப்ட் கிடையாது, மொசைக் தரை, துருப்பிடித்த ஜி.ஐ. பைப், மரப்பலகையில் சுவிட்ச். இன்டீரியர் கம்பெனி கொடுத்த எஸ்டிமேட்டைப் பார்த்துவிட்டு, பாத்ரூமையும் பெட்ரூமையும் நீங்களே ஆள் வைத்து, முடிந்ததை உங்கள் கையாலேயே செய்துவிடலாம் என்று முடிவெடுத்திருப்பீர்கள். நல்ல முடிவுதான்.

இப்படி இறங்கியவர்களில் பலர் கையைச் சுட்டுக்கொள்வது ஒரே காரணத்தால்: கண்ணுக்குத் தெரிவதற்கு முதலில் பணத்தைப் போட்டுவிட்டு, மறையப்போகும் வேலையை மிச்சப் பணத்தில் முடிப்பார்கள். குழாய் பிடிக்கவில்லையென்றால் நாளைக்கே மாற்றலாம். டைல்ஸுக்கு அடியில் தப்பு நடந்தால் எல்லாவற்றையும் உடைக்க வேண்டும். அதனால் தரைக்குக் கீழே, சுவருக்குள்ளே, சீலிங்குக்கு மேலே என்ன நடக்கிறதோ அதற்குத்தான் முதல் காசு.

செய்ய வேண்டியவை

தொடங்கும் முன்

1. கீழ் வீட்டு பாத்ரூம் சீலிங்கைப் போய்ப் பாருங்கள். உங்கள் தரை எவ்வளவு கசிகிறது என்பது அங்கேதான் தெரியும். ஓதம், உப்புப் பூத்த வட்டம், துரு வழிந்த கோடு எல்லாவற்றையும் அவர்கள் அனுமதியோடு போட்டோ எடுத்து, அவர்களுக்கும் அனுப்பிவையுங்கள். "நீங்க உடைச்ச பிறகுதான் ஒழுகுது" என்ற சண்டை வராமல் இருக்க இதுவே வழி.

2. அசோசியேஷனுக்கு எழுத்தில் சொல்லுங்கள். உடைக்கும் நாட்கள், தண்ணீர் வால்வு மூடும் நேரம், மூட்டை ஏற்றும் படி எல்லாம் அதில் இருக்கட்டும். டக்ட்டில் இறங்கும் பைப்பும் வெளிச்சுவரும் எல்லோருக்கும் பொது. கேட்காமல் கை வைத்தால் பாதியில் வேலையை நிறுத்தச் சொல்வார்கள்.

3. கட்டடம் பில்லரில் நிற்கிறதா, சுவரில் நிற்கிறதா என்று ஒரு சிவில் இன்ஜினீயரை அழைத்துக் கேளுங்கள். பழைய மூன்று மாடிக் கட்டடங்கள் பலவற்றில் பில்லரே இருக்காது. 9 இன்ச் சுவர்தான் மேல் மாடியைத் தாங்கும். ஒரு முறை வந்து பார்க்க அவர் வாங்கும் ஃபீஸ், நீங்கள் செய்யும் செலவுகளிலேயே மிகச் சிறியது.

4. வேலையைத் தை முதல் சித்திரைக்குள் முடிக்கத் திட்டமிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சுவர் காயாது. பட்டியும் பெயின்ட்டும் நிற்காது. பொங்கலுக்கு ஊருக்குப் போன கொத்தனார் திரும்பிய பிறகு தொடங்கினால் நடுவில் நிற்காது.

5. உங்கள் கைக்கு எது, ஆள் கைக்கு எது என்று பிரித்து எழுதுங்கள். பழைய ஃபிட்டிங்கைக் கழற்றுவது, உப்புத்தாள் போடுவது, பிரைமர், பெயின்ட், சிலிக்கான், கர்ட்டன் ராடு எல்லாம் நீங்களே செய்யலாம். வாட்டர்ப்ரூஃபிங், கிளாசெட் இணைப்பு, கரன்ட் லைன்கள் பிரியும் டி.பி. பாக்ஸ் மூன்றையும் தொழில் தெரிந்தவரிடம் விடுங்கள். அவற்றில் தப்பு நடந்தால் திருத்தும் செலவு பல மடங்கு.

6. ஒரே பாத்ரூம் உள்ள வீடென்றால் மாற்று ஏற்பாட்டை முதலில் முடியுங்கள். உடைத்த நாளிலிருந்து கிளாசெட் உட்காரும்வரை வீட்டில் கழிப்பறை இல்லை. வயதானவர்களையும் சின்னப் பிள்ளைகளையும் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டால், "சீக்கிரம் முடிங்க" என்று யாரும் மேஸ்திரியை விரட்ட மாட்டார்கள்.

பாத்ரூம்

7. ஜி.ஐ. பைப்பை ஒட்டுப்போடாமல் முழுசாக மாற்றுங்கள். போர் தண்ணீரில் அது உள்ளுக்குள் துருவும் உப்பும் படிந்து பாதி அடைத்திருக்கும். சுடுதண்ணீர் லைனுக்கு சி.பி.வி.சி. கட்டாயம். குளிர்ந்த தண்ணீருக்கு யு.பி.வி.சி. போதும். இரண்டுக்கும் ஒட்டும் பசை வேறு வேறு, கலக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

8. தரையை ஸ்லாப் தெரியும்வரை எடுத்துக் காயவிடுங்கள். பழைய ஃபிளாட்டில் பாத்ரூம் ஸ்லாப் மற்ற அறைகளைவிடச் சுமார் ஒரு அடி இறக்கிப் போட்டிருக்கும். அந்தப் பள்ளத்தைச் செங்கல் ஜல்லியால் நிரப்பியிருப்பார்கள். வருடக்கணக்கில் கசிந்த தண்ணீர் எல்லாம் அந்த ஜல்லியில்தான் இருக்கிறது. மேலே என்ன பூசினாலும் அது கீழ் வீட்டுக்கு இறங்கிக்கொண்டே இருக்கும்.

9. வாட்டர்ப்ரூஃபிங்கை இரண்டு இடத்தில் செய்யுங்கள். பள்ளத்தின் அடி ஸ்லாபில் ஒன்று, நிரப்பிய பிறகு டைல்ஸுக்கு அடியில் இன்னொன்று. மேல் பூச்சில் ஏதாவது கசிந்தாலும் கீழ்ப் பூச்சு தாங்கும்.

10. சுவரும் தரையும் சேரும் மூலையைக் கலவையால் உருட்டி, பூச்சைச் சுவரில் ஒரு அடி உயரம் ஏற்றுங்கள். ஷவர் இருக்கும் பக்கம் 6 அடி வரை போகட்டும். முதல் கோட் நெடுக்கில், காய்ந்த பிறகு இரண்டாவது குறுக்கில். கசிவு தொடங்குவது பெரும்பாலும் மூலையிலும் பைப் நுழையும் ஓட்டையைச் சுற்றியும்தான்.

11. தண்ணீரைத் தேக்கி 48 மணி நேரம் விடுங்கள். ட்ராப்பை அடைத்து, இரண்டு இன்ச் தண்ணீர் நிறுத்தி, மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறியுங்கள். இரண்டாம் நாள் கீழ் வீட்டாரோடு சேர்ந்து அவர்கள் சீலிங்கைப் பாருங்கள். சொட்டு இல்லை என்று அவர்கள் சொன்ன பிறகுதான் டைல்ஸ்.

12. பைப்பை மூடும் முன் பிரஷர் டெஸ்ட் கேளுங்கள். எல்லா பாயிண்டையும் பிளக் போட்டு, கை பம்பில் ஐந்தாறு கிலோ அழுத்தம் ஏற்றி, ராத்திரி முழுக்க விட வேண்டும். காலையில் முள் இறங்கியிருந்தால் எங்கோ ஒரு ஜாயின்ட் சரியில்லை. அதை இப்போது கண்டுபிடித்தால் செலவு ஒரு எல்போதான்.

13. சுவரும் தரையும் திறந்திருக்கும்போதே போட்டோ எடுங்கள். அளவு டேப்பை விரித்துவைத்து, ஒவ்வொரு பைப்பும் ஒயரும் மூலையிலிருந்து எத்தனை இன்ச் என்று தெரிகிற மாதிரி எடுங்கள். அடுத்த வருடம் கண்ணாடி மாட்ட டிரில் போடும்போது அந்தப் படம் உங்களைக் காப்பாற்றும்.

14. வாட்டத்தை ரசமட்டம் வைத்து நீங்களே பாருங்கள். 4 அடிக்கு 1 இன்ச் இறக்கம் இருந்தால் தண்ணீர் தேங்காது. தரைக்கு ஒரு அடி சதுர மேட் டைல்ஸ் எடுங்கள். பெரிய டைல்ஸில் நாலு பக்கமும் வாட்டம் கொண்டுவருவது கஷ்டம், பளபளப்பான டைல்ஸில் கால் வழுக்கும்.

15. கிளாசெட் வாங்கும் முன் அளவெடுங்கள். தரையில் இறங்கும் எஸ்-ட்ராப் என்றால் ஓட்டையின் நடுவிலிருந்து டைல்ஸ் ஒட்டிய சுவர் வரை அளக்க வேண்டும். கடையில் 9 இன்ச், 12 இன்ச் என்று கேட்பார்கள். சுவருக்குள் போகும் பி-ட்ராப் என்றால் தரையிலிருந்து உயரம். பொருந்தாததை வாங்கிவந்து பெண்டு போட்டு ஒட்டினால் அந்த வளைவில்தான் அடைக்கும்.

16. ஷவரை உங்கள் மாடிக்குத் தகுந்தபடி தேர்ந்தெடுங்கள். டேங்க் தண்ணீர் 10 அடி இறங்கினால் கிடைக்கும் அழுத்தம் 0.3 பார்தான். மேல் மாடியில் இருந்துகொண்டு அகலமான ரெயின் ஷவர் வாங்கினால் சொட்டுச் சொட்டாகத்தான் விழும். தனியாக பிரஷர் பம்ப் வைக்க வேண்டிவரும்.

பெட்ரூம்

17. பாத்ரூமோடு சேர்ந்த சுவரில் ஈரம் இருக்கிறதா என்று சோதியுங்கள். இரண்டு அடி சதுர பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். ஷீட்டுக்கு உள்பக்கம் வேர்த்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. முதலில் பாத்ரூம், அது காய்ந்த பிறகு பெட்ரூம்.

18. சீலிங்கை ஒரு மரக்கட்டையால் தட்டிப் பாருங்கள். உள்ளே பொள்ளலாகச் சத்தம் வந்தால் காரை கழன்றிருக்கிறது, கம்பி துருப்பிடித்துப் பருத்திருக்கலாம். அந்தக் காரையைத் தட்டி எடுத்து, கம்பியைத் தேய்த்து, துருத்தடுப்பு பூசி, பாலிமர் கலவையால் அடைக்க வேண்டும். கட்டிலுக்கு மேலே இருக்கும் இடத்தை இருமுறை தட்டுங்கள்.

19. மொசைக் தரையை உடைக்கும் முன் ஒரு ஓரத்தில் பாலிஷ் போட்டுப் பாருங்கள். பல வீடுகளில் அழுக்கு போனதும் புதுத் தரை மாதிரி வந்துவிடும். உடைக்கும் கூலி, குப்பை, டைல்ஸ், கதவை அடியில் அறுப்பது எல்லாம் மிச்சம்.

20. பழைய எனாமல் பெயின்ட்டைத் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் கூடாது என்ற விதி அமலுக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய கதவு, ஜன்னல் கம்பிப் பூச்சில் ஈயம் இருக்கலாம். தேய்க்கும் நாளில் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வீட்டில் இருக்க வேண்டாம். நீங்கள் என்95 மாஸ்க் போடுங்கள். தூசியை ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

21. வார்ட்ரோபுக்கு ஐ.எஸ். 710 முத்திரை உள்ள ப்ளைவுட் கேளுங்கள். பாத்ரூம் சுவரை ஒட்டி நிற்கும் அலமாரிக்கு அதுதான் தாங்கும். பின்பக்கம் ஒரு இன்ச் இடைவெளி விட்டால் காற்று போகும், பூஞ்சை பிடிக்காது.

கரன்ட்

22. டி.பி. பாக்ஸில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போடுங்கள். எம்.சி.பி. காப்பாற்றுவது ஒயரை, கரன்ட் கசிந்தால் ஆளைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி. மாட்டிய பிறகு அதிலுள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள்.

23. கீசருக்கு ஒன்று, ஏ.சி.க்கு ஒன்று என்று டி.பி.யிலிருந்து தனித்தனி லைன் இழுங்கள். 2,000 வாட் கீசர் 9 ஆம்பியர் அளவு இழுக்கும். 4 ஸ்கொயர் எம்.எம். காப்பர் ஒயர், 16 ஆம்பியர் பாயிண்ட் என்று எழுதிக்கொடுங்கள். லைட் லைனிலிருந்து பிரித்தால் ஒயர் சூடாகி உருகும்.

24. எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பழைய வயரிங்கில் மூணு ஓட்டை பிளக் இருக்கும், மூணாவது ஓட்டைக்கு ஒயரே இருக்காது. கீசரும் வாஷிங் மெஷினும் அந்த ஒயரை நம்பித்தான் இருக்கின்றன.

பணமும் பொருளும்

25. பேசியதை ஒரு பக்கத்தில் எழுதி, பணத்தைக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள். உடைத்ததும் ஒரு பங்கு, பைப் டெஸ்ட் முடிந்ததும் ஒரு பங்கு, தண்ணீர் தேக்கிப் பார்த்த பிறகு ஒரு பங்கு. கடைசிப் பங்கு எல்லா குழாயும் ஒரு வாரம் ஓடிய பிறகு.

26. டைல்ஸை 10 சதவீதம் கூடுதலாக, ஒரே பேட்ச் நம்பரில் எடுங்கள். நடுவில் பத்து டைல்ஸ் குறைந்து மறுபடி போனால் அதே பெயரில் வேறு ஷேடு கிடைக்கும். மிஞ்சியதைப் பரணில் வையுங்கள். பின்னால் ஒன்று உடைந்தால் கைகொடுக்கும்.

27. இடிபாட்டை எடுக்க வண்டியை முதல் நாளே பேசிவையுங்கள். எங்கே கொட்டலாம் என்று மாநகராட்சியின் 1913 எண்ணில் கேட்கலாம். தெருமுனையில் கொட்டினால் அபராதம், பக்கத்து வீட்டாரோடு பகை.

செய்யக்கூடாதவை

தொடங்கும் முன்

1. டைல்ஸ் கடைக்கு முதலில் போகாதீர்கள். டைல்ஸ் வீட்டுக்கு வந்துவிட்டால் அதை ஒட்டிவிட வேண்டும் என்ற அவசரம் வந்துவிடும். காய வேண்டிய தரை காயாது, செய்ய வேண்டிய டெஸ்ட் நடக்காது.

2. பாத்ரூமை இடம் மாற்றாதீர்கள், வாஸ்து பார்ப்பவர் எவ்வளவு சொன்னாலும். ஸ்லாப் இறக்கிப் போட்டிருப்பது அந்த ஒரு இடத்தில்தான். நீங்கள் தள்ளிவைத்தால் கீழ் வீட்டுக்காரரின் கட்டிலுக்கு மேலே உங்கள் கழிவுநீர் பைப் போகும்.

3. 9 இன்ச் சுவரை உடைக்காதீர்கள், குறைக்காதீர்கள். "ரெண்டடி எடுத்தா ரூம் பெருசாயிடும் சார்" என்று சொல்பவர் நாளை வேறு வேலைக்குப் போய்விடுவார். அந்தச் சுவருக்கு மேலே இன்னும் இரண்டு குடும்பம் இருக்கிறது.

4. சிமென்ட், மணல் மூட்டைகளை ஒரே இடத்தில் அடுக்காதீர்கள். வீட்டுத் தளத்தைச் சதுர மீட்டருக்கு 200 கிலோ என்ற கணக்கில்தான் வடிவமைப்பார்கள். 50 கிலோ மூட்டை 20 அடுக்கினால் அதே ஒரு சதுர மீட்டரில் ஒரு டன். சுவரோரமாகப் பரப்பி வையுங்கள்; அந்தந்த நாளுக்கு வேண்டியதை மட்டும் மேலே ஏற்றுங்கள்.

5. ஞாயிறு மதியமும் இருட்டிய பிறகும் உடைக்காதீர்கள். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும் நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்குபவரும் அதே கட்டடத்தில் இருக்கிறார்கள். நாளை தண்ணீர் வால்வை மூட அவர்கள் சம்மதம்தான் உங்களுக்கு வேண்டும்.

பாத்ரூம்

6. ஸ்லாப் பக்கம் பிரேக்கர் மெஷினை விடாதீர்கள். பழைய ஸ்லாப் நாலைந்து இன்ச் கனம்தான். அதிர்வில் கீழ் வீட்டுக் காரை கொட்டும். மேல் டைல்ஸை எடுத்த பிறகு உளியும் சுத்தியலும் போதும். ஒரு நாள் கூடுதலாகும், ஆகட்டும்.

7. சுவரில் குறுக்காக ஆழக் காடி வெட்டாதீர்கள். நெடுக்கில் சுவர் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு, குறுக்கில் ஆறில் ஒரு பங்கு என்பதுதான் எல்லை. நாலரை இன்ச் சுவருக்குக் குறுக்கே முக்கால் இன்ச்தான் அனுமதி. அதில் ஒரு பைப்கூட ஒழுங்காக மறையாது. பைப்பைத் தரையோரமாகக் கொண்டுபோய் நெடுக்கில் ஏற்றுங்கள்.

8. எடுத்த ஈர ஜல்லியையே திருப்பிக் கொட்டாதீர்கள். "நல்லாத்தான இருக்கு" என்பார் மேஸ்திரி. அதிலுள்ள உப்பும் ஈரமும் புது டைல்ஸ் ஜாயின்ட்டில் வெள்ளையாகப் பூக்கும். காய்ந்த, எடை குறைந்த பொருளால் நிரப்பச் சொல்லுங்கள்.

9. ட்ராப்பையும் கிளாசெட் ஓட்டையையும் திறந்துவைத்து வேலை செய்யாதீர்கள். உள்ளே போகும் சிமென்ட் பால் இரண்டே நாளில் கல்லாகிவிடும். அடைப்பது உங்கள் லைன் மட்டுமில்லை, மொத்த வரிசையின் லைனும்தான். சாக்குத்துணியை பாலித்தீன் பையில் சுற்றி அழுத்தமாக அடையுங்கள்.

10. பாத்ரூமில் பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டாதீர்கள். கசிவு அப்படியே இருக்கும், அதற்கு மேலே ஒரு மூடிதான் போட்டிருப்பீர்கள். தரை உயர்ந்து, தண்ணீர் பெட்ரூம் பக்கம் திரும்பும் ஆபத்தும் உண்டு.

11. விட்ரிஃபைடு டைல்ஸை வெறும் சிமென்ட் பாலில் ஒட்ட விடாதீர்கள். அது தண்ணீரைக் கிட்டத்தட்ட உறிஞ்சாத ரகம், சிமென்ட் சரியாகப் பிடிக்காது. சுவரிலிருந்து கழன்று தலையில் விழும். டைல் அட்ஹெசிவ் கேளுங்கள். பின்பக்கம் முழுக்கப் பூசச் சொல்லுங்கள், நாலு மூலையில் உருண்டை வைத்து ஒட்டுவதை அனுமதிக்காதீர்கள்.

12. தரைத் தண்ணீர் இறங்கும் இடத்தில் நஹானி ட்ராப் இல்லாமல் பைப்பை நேராக இணைக்க விடாதீர்கள். ட்ராப்பில் நிற்கும் 50 மி.மீ. தண்ணீர்தான் கழிவு வாடையையும் கரப்பானையும் தடுக்கிறது. உயரம் போதவில்லை என்று அதை விட்டுவிட்டு, பிறகு எந்த பினாயில் ஊற்றினாலும் வாடை போகாது.

13. வேலை முடிந்ததும் ஆசிட் ஊற்றிக் கழுவ விடாதீர்கள். அது டைல்ஸ் இடுக்குப் பூச்சை அரிக்கும், பளபளக்கும் குழாயை ஒரே நாளில் கறுக்கவைக்கும். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் கலந்தால் குளோரின் வாயு வரும். மூடிய பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து.

14. பாத்டப் ஆசையை வளர்க்காதீர்கள். 200 லிட்டர் தண்ணீர் என்றால் 200 கிலோ. தொட்டியும் ஆளும் தனி. ஒரு அடி நிரப்பலை ஏற்கெனவே சுமக்கும் ஸ்லாபுக்கு அது வேண்டாம். டேங்கர் தண்ணீர் வாங்கும் ஊரில் அதை நிரப்பவும் ஆளில்லை.

15. பாத்ரூமுக்குள் கேஸ் கீசர் வைக்காதீர்கள். சிறிய மூடிய இடத்தில் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. குளிக்கப் போனவர்கள் மயங்கி விழுந்து இறந்த செய்திகள் வருடாவருடம் வருகின்றன.

16. பழைய ஆஸ்பெஸ்டாஸ் பைப்பையும் பால்கனி ஷீட்டையும் கிரைண்டரில் அறுக்காதீர்கள். அறுக்கும்போது பறக்கும் நார்த்தூசி நுரையீரலில் தங்கினால் புற்றுநோய் வரை போகும். தண்ணீர் தெளித்து, உடைக்காமல், முழுதாகக் கழற்றுங்கள்.

பெட்ரூம்

17. ஈரச் சுவரில் பட்டி பார்க்காதீர்கள். பூசும்போது பளிச்சென்று இருக்கும்; அடுத்த மழைக்கு உப்பிக்கொண்டு பொடியாக உதிரும். வால்பேப்பர், பி.வி.சி. பேனல் வைத்து மறைப்பதும் அதே தப்புதான், உள்ளே பூஞ்சை வளர்வது உங்களுக்குத் தெரியாது.

18. விரிசலை மறைக்க ஃபால்ஸ் சீலிங் போடாதீர்கள். மேலே துரு வளர்வதை யாரும் பார்க்க முடியாது. ஒரு நாள் காரை விழுந்தால் ஜிப்சம் போர்டு தாங்காது. ரிப்பேர் முடித்து ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

19. பழைய ஃபேன் கொக்கியைப் பார்க்காமல் புது ஃபேனை மாட்டாதீர்கள். நாற்பது வருடம் ஆடிய கம்பி தேய்ந்தோ துருப்பிடித்தோ இருக்கும். விரலால் தடவினால் செதில் வந்தால் புதுக் கொக்கி போடச் சொல்லுங்கள்.

20. ஏ.சி. அவுட்டோர் யூனிட்டைப் பழைய சன்ஷேடு மேல் உட்கார வைக்காதீர்கள். வெயிலுக்கும் மழைக்கும் போட்ட மெல்லிய பலகை அது. எடையும் அதிர்வும் அதற்கு ஆகாது. கீழே ஆள் நடக்கும் வழி இருக்கிறது. 9 இன்ச் சுவரில் ஸ்டாண்டு அடியுங்கள். கடற்கரைப் பக்கம் என்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்டாண்டு.

21. பெயின்ட் அடித்த அன்றே அந்த அறையில் படுக்காதீர்கள். வாடை போகும்வரை ஜன்னலைத் திறந்து ஃபேனை ஓடவிடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்னும் சில நாள் தள்ளியே இருக்கட்டும்.

கரன்ட்

22. மெயினை அணைத்துவிட்டேன் என்று நம்பி ஒயரைத் தொடாதீர்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் மெயின் போனதும் அது லைட், ஃபேன் லைனுக்குக் கரன்ட் கொடுக்கத் தொடங்கும். இன்வெர்ட்டரையும் அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வையுங்கள்.

23. கீசர் சுவிட்சை ஷவருக்குக் கை எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். கதவுக்கு வெளியே இருப்பதே சரி. தண்ணீர் தெறிக்கும் இடத்திலிருந்து இரண்டு அடிக்குள் எந்த பிளக் பாயிண்டும் வேண்டாம், டிரிம்மருக்குக்கூட.

24. பழைய அலுமினிய ஒயரோடு புதுக் காப்பர் ஒயரை முறுக்கி ஒட்ட விடாதீர்கள். அந்த முடிச்சு நாளாக நாளாகத் தளர்ந்து சூடேறும். சுவருக்குள் தீப்பிடிக்கும் இடம் அதுதான். அறையின் ஒயரை டி.பி. வரை முழுசாக மாற்றுங்கள்.

25. நாலரை இன்ச் சுவரில் பெரிய கீசரைச் சாதாரண பிளாஸ்டிக் பிளக்கில் மாட்டாதீர்கள். 25 லிட்டர் கீசரில் தண்ணீரே 25 கிலோ. கம்பெனி சொல்லும் ஆங்கர் போல்ட் போடுங்கள். முடிந்தால் 9 இன்ச் சுவருக்கு இடம் மாற்றுங்கள்.

பணமும் பொருளும்

26. மொத்தப் பணத்தையும் முன்னாலேயே கொடுக்காதீர்கள். "கல்யாணம் இருக்கு, ஊருக்குப் போகணும்" என்றால் அவசரத்துக்குக் கொஞ்சம் கொடுங்கள், எழுதிக்கொள்ளுங்கள். முழுப் பணம் வாங்கியவருக்கு உங்கள் சிலிக்கான் வேலை ஞாபகம் இருக்காது.

27. வாட்டர்ப்ரூஃபிங் நடக்கும் நாளில் ஆபீஸ் போகாதீர்கள். லீவு போடுவதாக இருந்தால் இந்த ஒரு நாள் போடுங்கள். டப்பா உங்கள் கண் முன்னே உடையட்டும், இரண்டாவது கோட் உங்கள் கண் முன்னே விழட்டும். மூடிய பிறகு எத்தனை கோட் என்று யாரும் எண்ண முடியாது.

இன்று மாலைக்குள்

கீழ் வீட்டுக் கதவைத் தட்டுங்கள், சீலிங்கைப் பாருங்கள், போட்டோ எடுங்கள். பெட்ரூமின் பாத்ரூம் பக்கச் சுவரில் பிளாஸ்டிக் ஷீட்டை ஒட்டுங்கள். இன்ஜினீயருக்குப் போன் செய்து இந்த வாரத்திலேயே ஒரு நாள் கேளுங்கள். இந்த மூன்றுக்கும் விடை வந்த பிறகு மேஸ்திரியிடம் ரேட் பேசலாம். அப்போது எதற்கு விலை பேசுகிறோம் என்று உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.